சுற்றுப்பாதையில் இறங்கித் தள்ளுதல்

அண்ணன் தை மாதம் இறந்தார். மாசியில் நான் ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தேன்.

பதற வேண்டாம், கணினி விளையாட்டில்தான். அண்ணன் மகள் கல்லூரியில் படித்த காலத்து மடிக்கணினி ஒன்று பீரோவின் மேல் பழைய போர்வைகளுக்கு நடுவில் கிடந்தது. அவள் சென்னையில் வேலைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டுவிட்டாள். அண்ணனின் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால் அதை இறக்கித் தூசி தட்டினேன். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மூடப் போகும்போது திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு ராக்கெட் படம் தெரிந்தது. அழுத்தினேன். அன்று நூலகத்தைத் திறக்கப் போகவில்லை. போகாததை யாரும் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு இதுதான். ஒரு பெரிய கொட்டகை. அதில் எரிபொருள் தொட்டி, எஞ்சின், இறக்கை, பாராசூட் என்று உதிரி பாகங்கள் அடுக்கியிருக்கும். அவற்றை இழுத்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, உச்சியில் ஆள் உட்கார ஒரு கூண்டு வைத்து, ஏவுதளத்துக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். கூண்டுக்குள் ஒரு பொம்மை மனிதன் உட்கார்ந்திருப்பான். பெரிய தலை, பெரிய கண். அவன் முகம் திரையின் மூலையில் ஒரு சதுரத்துக்குள் தெரிந்துகொண்டே இருக்கும். மேலே போகும்போது பல்லைக் காட்டுவான். எஞ்சின் கழன்று விழும்போதும் ஏறத்தாழ அதே அளவு பல்லைக் காட்டுவான். எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் ஆளுக்கு நான் பாராசூட் வைக்க மறந்துவிட்டேன். இரண்டாவது ஆளுக்கு வைத்தேன், ஆனால் எஞ்சினும் பாராசூட்டும் ஒரே பொத்தானில் மாட்டியிருந்ததால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. மூன்றாவதில் என் பரம்பரைப் புத்தி வேலை செய்தது. படகு கவிழாமல் இருக்க அடியில் பாரம் வேண்டும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே கனமான சாமான்களையெல்லாம் ராக்கெட்டின் அடியில் வைத்து, இன்னும் கொஞ்சம் கனம் இருக்கட்டும் என்று இரண்டு காலித் தொட்டிகளையும் கட்டிவிட்டேன். அது கிளம்பி ஒரு பனைமர உயரம் போனதும் நிதானமாகத் தலைகீழாகத் திரும்பி, வந்த வழியே இறங்கியது. ராக்கெட்டுக்குப் பாரம் மேல்பாதியில் இருக்க வேண்டுமாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து ஆட்கள் செலவானார்கள்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, கையில் மீன் செதில் ஒட்டிய அரிவாள்மணையோடு, "குப்புற வுழுந்துட்டுதா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணி."

"உள்ள ஆளு?"

"போய்ட்டான்."

"சரி, வா. சோறு ஆறுது."

இருவரும் சாப்பிட்டோம். எனக்கு அந்த நாட்களில் எல்லாச் சாப்பாடும் ஒரே ருசியாக இருந்தது. உப்பு அதிகமா குறைவா என்று அண்ணி கேட்பார். சரியாக இருக்கிறது என்பேன். ஒருநாள் அவர் உப்பே போடவில்லை என்பது அவர் வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

அண்ணன் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆட்டோ பிடித்துப் பொன்னேரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. கடலில் எத்தனையோ வருடம் எத்தனையோ விதமாகச் சாவதற்கு வாய்ப்பு இருந்தும் அவர் அதில் ஒன்றையும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நான் அழவில்லை. பந்தல்காரருக்குச் சொன்னேன், நாற்காலி வாடகைக்குச் சொன்னேன், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன், கருமாதிப் பத்திரிகையில் எழுத்துப்பிழை திருத்தினேன். அழுகை பிறகு வரும் என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் காத்திருந்தேன், பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல. வரவில்லை. ராக்கெட் வந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒரு அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவர் வீட்டில் பிறந்த எனக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். கடலில் மட்டுமல்ல, ஏரியிலும். இடுப்பளவு ஆழமுள்ள, காற்றில்லாத நாளில் தட்டில் ஊற்றிய கஞ்சிபோல் கிடக்கும் ஏரியில். பத்து வயதில் நைனா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். போன கால்மணி நேரத்தில் அவர் வலைமேலேயே எடுத்தேன். மூன்றாம் முறை எடுத்ததும் படகை ஒரு மணல்திட்டில் ஒட்டி, என்னை இறக்கிவிட்டு, "நீ பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றார். அப்படித்தான் எனக்குப் படிப்பு வந்தது. பிற்காலத்தில் ஊர்ப்புற நூலகராகவும் ஆனேன். என் நூலகத்துக்கு வருகிறவர்கள் செய்தித்தாளுக்காகவும் மின்விசிறிக்காகவும் வருகிறார்கள். நடுவில் கிடைத்த ஓய்வில் நான் அலமாரிகளைப் படித்துத் தீர்த்தேன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டின் பின்னறையில்தான் முப்பது வருடமாக இருக்கிறேன். என் சம்பளத்தை வெளியில் சொன்னால் கொடுக்கிற அரசாங்கத்துக்குத்தான் சங்கடம்.

வாந்தி வராமல் நான் செய்த முதல் பிரயாணங்கள் அந்தத் திரையில் செய்தவை.

இப்போது பாடு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்ணியின் வாழ்வு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல நீரோட்டம் உள்ள சில இடங்கள் உண்டு. நீர் வடியும் நேரத்தில் அங்கே கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போனால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும் என்பதால், ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு இருபது நாளுக்கு ஒரு முறை. அந்த முறைக்குப் பெயர் பாடு. யார் யாருக்குப் பங்கு என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் கல்யாணமான ஆம்பிளைகளின் பெயர் மட்டும்தான் இருக்கும். முறை நாளில் முகத்துவாரத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அந்த வீட்டு ஆள் அங்கே இருந்து குரல் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை குரல் வராத வீட்டின் பங்கு அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும்.

அண்ணன் பெயர் பட்டியலில் இருந்தது. அவருக்கு மகன் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தார், நாங்கள் நாட்டார் என்போம், கருமாதி முடிந்ததும் வந்து உட்கார்ந்து யோசித்து, "கூடப் பொறந்தவன் நின்னா போதும், பங்கு அண்ணிக்கே ஓடட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள். கூடப் பிறந்தவன் நான்.

அண்ணன் மகள் தொலைபேசியில், "அம்மாவே போய் நின்னா இன்னா சித்தப்பா? உன்னவிட அம்மாவுக்கு பலம் ஜாஸ்தி" என்றாள். உண்மைதான். நாட்டாரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

முதல் முறை மாசியில் வந்தது. நான் படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்தத் தகவல் தலையிலிருந்து காலுக்குப் போகவில்லை. இரண்டாவது முறைக்கு எழுந்தேன், சட்டை போட்டேன், கரைவரை போனேன், தண்ணீரின் வாசனை வந்ததும் திரும்பி வந்து மடிக்கணினியைத் திறந்தேன். அண்ணி திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் பாட்டுக்கு மீன்கூடையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார். பங்கு போய்விட்டால் அடுத்தது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலைதான் என்று அவர் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. குறையாக அல்ல. பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில்.

அண்ணிக்கு ஒரு தம்பி. எனக்கு மச்சான் முறை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். கடலையும் ஏரியையும் தவிர உலகில் வேறு எதுவும் உண்மையில்லை என்று நம்புகிறவன். அவனுக்கும் எங்கள் முறையில்தான் பாடு. இரண்டு தடவையும் நான் வராததைப் பார்த்துவிட்டு, என்னைச் சண்டை போட்டு இழுத்துப் போகலாம் என்றுதான் வந்தான். வந்தவன் திரையைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மச்சான் இது?"

"ராக்கெட்."

"எதிர்ல தீவுல வுடறது போதாதா? நீ வேற வுடணுமா?"

எதிர்க்கரைத் தீவிலிருந்து ராக்கெட் போகும்போது எங்கள் ஜன்னல் கொஞ்சம் அதிரும். பூனை எழுந்து இடம் மாறிப் படுக்கும். அன்று கடலுக்கும் முகத்துவாரத்துக்கும் போகக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எங்களுக்கும் விண்வெளிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

அதன்பிறகு அவன் தினமும் மாலையில் வந்தான். வாசலில் செருப்பை விடும்போதே கேட்பான்.

"இன்னிக்கு எத்தினி பேரு?"

"ரெண்டு."

"பொணம் கரை ஒதுங்கிச்சா?"

"சாம்பல்தான்."

"நீ படகு ஓட்டாதது ஊரு செஞ்ச புண்ணியம்."

பங்குனி தொடக்கத்தில் எனக்கு ஒரு ராக்கெட் சரியாக அமைந்துவிட்டது. பாரம் மேலே, இறக்கை கீழே, தொட்டிகள் வரிசையாகக் கழன்று விழுந்தன. பூமியைச் சுற்றும் பாதைக்குள் கூண்டு போய்ச் சேர்ந்தது. திரையில் நீலமாக ஒரு வட்டக்கோடு வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் எரிபொருள் முள்ளைப் பார்த்தேன். சுத்தமாகக் காலி. இறங்க வேண்டுமானால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வட்டத்தின் ஒரு பக்கத்தைக் காற்றுமண்டலத்துக்குள் தாழ்த்த வேண்டும். குறைக்க எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டும். காற்றே இல்லாத உயரம் என்பதால் வட்டம் தானாகத் தேயாது. அவன் சுற்றிக்கொண்டே இருப்பான். மூலைச் சதுரத்துக்குள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூடிவிட்டு வேறு ராக்கெட் கட்டலாம் என்று கையை நீட்டினேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"இன்னா பண்ற நீ?"

"வேற ஒண்ணு வுடறேன்."

"இவன்?"

"இவன் அவ்ளோதான். சுத்துவான்."

"உசுரோட கீறான்ல?"

"இது பொம்மை மச்சான். நேத்து வரைக்கும் எத்தினி பேரு செத்தாங்க, நீ சிரிச்சினு இருந்தியே."

"செத்தவன வுடு. செத்தா காரியம் பண்ணிட்டு அவங்கவங்க வேலைய பாக்கலாம். இவன் மெதந்துக்கினு கீறான். பாரு, நம்மளையே பாக்கறான்."

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எஞ்சின் நின்றுபோன படகில் இருப்பவன் துடுப்பு நுனியில் சட்டையைக் கட்டித் தூக்கிக் காட்டினால், பார்த்தவன் வலையை விட்டுவிட்டுப் போய்க் கயிறு போட்டு இழுத்து வர வேண்டும். அவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும். கரையில் விட்ட பிறகு வேண்டுமானால் அடித்துக்கொள்ளலாம், அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் மிதக்கிறவனைப் பார்த்த பிறகு பார்க்காததுபோல் போனவனுக்கு ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். மச்சான் அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டான். அதுதான் தொல்லை.

மறுநாளே மீட்புக்கு ஆளில்லாத கப்பல் ஒன்று கட்டினோம். அதுவும் வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆள் முன்னால் போய்க்கொண்டிருந்தான், நம் கப்பல் பின்னால்.

"வுடு வேகமா! நேரா அவன் முதுக பாத்து வுடு!"

விட்டேன். விண்வெளியில் அப்படி விட்டால் நம் வட்டம் பெரிதாகிவிடும், பெரிய வட்டத்தில் போகிறவன் இன்னும் பின்தங்கிப் போவான். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்து போக வேண்டும். இதை அவனிடம் விளக்கினேன்.

"மெதுவா போனா புடிச்சிடலாமா? யாரு சொன்னது?"

"புத்தகத்துல கீது."

"எழுதனவன் கடலுக்குப் போயிருக்கானா?"

"இல்ல."

"அதான்."

நாங்கள் இப்படிப் பேசி முடிப்பதற்குள் மீட்புக் கப்பலின் எரிபொருளும் தீர்ந்தது. மறுநாள் இன்னொன்று. அது போன வேகத்துக்கு நிலவைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அந்தக் கணினியில் ஒரு விநாடி நகர மூன்று விநாடி ஆகும். ஒரு மீட்புக்கு ஒரு மாலை முழுவதும் போய்விடும். அண்ணி இறால் தோல் உரித்தபடி நடுநடுவே தலையைத் தூக்கி, "கெடச்சானா?" என்பார். அண்ணன் செத்த வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, இல்லாத ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை.

ஒருநாள் மச்சான் நீண்ட நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "அவன எறங்கித் தள்ளச் சொல்லு" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன்.

"இன்னா பாக்கற? படகு நின்னுட்டா எறங்கித் தள்றது. அவனுக்குக் கை கால் கீதுல்ல?"

எங்கள் ஏரி அப்படி. எங்கே நின்றாலும் தரை தட்டும். தட்டினால் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் இறங்கித் தள்ளுவது. இந்த வைத்தியத்தைக் காற்றும் தண்ணீரும் தரையும் இல்லாத இடத்துக்கு எழுதிக்கொடுத்த முதல் ஆள் என் மச்சானாகத்தான் இருப்பான். நான் படித்தவன் அல்லவா. கால் ஊன்ற ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு எப்படித் தள்ளுவது என்று ஒரு வாரம் அவனைக் கிண்டல் செய்தேன். நூலகத்துக்குச் செய்தித்தாள் படிக்க வந்தவர்களிடமும் சொன்னேன். அவர்கள், தள்ளிப் பார்க்கலாமே என்றார்கள்.

மூன்றாவது பாடு நெருங்கியது. அண்ணி அண்ணனின் பழைய அரைக்கால்சட்டை ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டார். அது எனக்கா, வீட்டைத் துடைக்கவா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் அது கொடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எதிர்க்கரையில் அதே நாளில் ராக்கெட் என்று சொன்னார்கள். மதியம் ஏவுகிறார்கள், முகத்துவாரத்துக்கு யாரும் போகக்கூடாது. எங்கள் வழக்கப்படி ராக்கெட்டால் தவறிய பாடு கணக்கில் வராது, வேறொரு நாளுக்குத் தள்ளிப்போகும். எனக்குச் சில நாட்கள் கிடைத்தன. விண்வெளி ஆராய்ச்சியால் தனிமனிதனுக்கு என்ன பயன் என்று இனி யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பதில் உண்டு. செய்தியைக் கேட்டதும் அண்ணி கொடியிலிருந்து அந்த அரைக்கால்சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்தார்.

அன்று காலை கடல் வேலை இல்லாததால் மச்சான் எட்டு மணிக்கே வந்துவிட்டான். அண்ணன் மகள் தொலைபேசியில் அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் பேசினாள். பேச்சுவாக்கில், உன் மாமன் பொம்மையை இறங்கித் தள்ளச் சொல்கிறான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அது நடக்கும் சித்தப்பா. அவன் முதுகுல ஒரு பை கீது, அதுல சின்னதா காத்து இன்ஜின். வெளிய வந்து, கூண்டோட மூக்குல தலைய முட்டுக் குடுத்து, போற பக்கத்துக்கு எதிரா தள்ளு. பை காலியானா உள்ள போ, மறுபடி ரொம்பும். காலேஜ்ல நாங்க எல்லாம் அப்டிதான் எறக்குவோம்."

மச்சானிடம் இதைச் சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தது. அவன் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

பொம்மையை வெளியே கொண்டுவந்தோம். அவன் கூண்டின் மூக்கில் தன் பெரிய தலையை வைத்துத் தள்ளினான். வட்டக்கோடு ஒரு மயிரிழை அசைந்தது. பை காலியானது. உள்ளே போனான், நிரம்பியது, வெளியே வந்தான், தள்ளினான். பத்து முறை, பன்னிரண்டு முறை. வட்டம் ஒரு பக்கம் நெளிந்து கீழே வரத் தொடங்கியது. மச்சான் ஒவ்வொரு தள்ளுக்கும் அடித்தொண்டையில் "ஏலே" என்று குரல் கொடுத்தான், படகு இழுக்கும்போது கொடுப்பதுபோல. இன்னும் நாலைந்து தள்ளு தள்ளினால் காற்றைத் தொட்டுவிடும் என்ற இடத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. மேலே காற்று சரியில்லையாம். ராக்கெட் இன்றைக்கு இல்லை. தடை நீங்கிவிட்டது. பாடு உண்டு, இரண்டு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்.

மணி ஒன்றேகால்.

"எழுந்திரு" என்றான் மச்சான்.

"இவன் இன்னும் எறங்கல."

"நிறுத்தி வை. எங்கியும் போவ மாட்டான்."

"மச்சான், எனக்கு வாந்தி..."

"எட்றா. ஏரி நெறய தண்ணி கீது, கலந்துடும்."

அண்ணி உள்ளேயிருந்து அந்த அரைக்கால்சட்டையைக் கொண்டுவந்து நாற்காலியின் கையில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "நான் இத தொடல. நீ வந்து பாத்துக்க" என்றார்.

கால் இந்த முறை எழுந்துகொண்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது. பெரிய முடிவு எதுவும் எடுத்ததாக ஞாபகமில்லை. ஒருவேளை மூன்று மணிநேரமாக ஒருவனை இறங்கித் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்திருக்கலாம்.

அரைக்கால்சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனபோது மற்றப் படகுகள் போய்விட்டிருந்தன. அண்ணனின் படகில் நானும் அவனும். எஞ்சின் சத்தம் எழுந்து இரண்டு நிமிடத்தில் முதல் வாந்தி. மாதக்கணக்கில் எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அந்தக் குமட்டல்தான். அதை வரவேற்க நேரமில்லை, இரண்டாவது வந்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையைப் பார்த்தான். வாந்தி எடுக்கும்போது கண்ணில் நீர் வருவது உடலின் இயற்கை என்று அவனுக்கு விளக்க நினைத்தேன். வாய் வேறு வேலையில் இருந்தது.

நேரமாகிவிட்டது என்று அவன் குறுக்குவழியில் விட்டான். நீர் வடிய ஆரம்பித்திருந்தது. முகத்துவாரத்தில் படகுகள் கூடியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சேறு எங்களைப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் சேற்றைக் கடைந்தது. அணைத்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான்.

இறங்கினேன். தண்ணீர் இடுப்புவரை. கால் சேற்றில் புதைந்து, அடியில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. அங்கேயே நின்றுவிட்டேன். வயிறு அமைதியாகிவிட்டது. தலை சுற்றவில்லை. ஐம்பத்தொரு வயதில் கண்டுபிடித்தேன்: எனக்கு ஒத்துக்கொள்ளாதது படகு. ஏரி இல்லை. நைனா அன்று என்னை மணல்திட்டில் இறக்கிவிட்ட பிறகு நான் வாந்தி எடுக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. எனக்கு அதற்குள் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது.

"தள்ளு மச்சான்! ஏலே!"

தள்ளினோம். தூரத்தில் பட்டியல் வாசிக்கும் குரல் காற்றில் வந்தது. மச்சான் பெயர் வந்தது. "கீறேன்! வர்றேன்!" என்று கத்தினான். இரண்டு பெயர் தள்ளி அண்ணன் பெயர். செத்தவரின் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, பட்டியல் அப்படியே இருந்தது. அந்தப் பெயரை ஒருவர் உரக்கக் கூப்பிட்டு நான் கேட்பது தைக்குப் பிறகு அதுதான் முதல் முறை. மூன்று முறை கூப்பிடுவார்கள். வேறு வீட்டு ஆள் குரல் கொடுத்தால் செல்லாது. மச்சான் வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். தொண்டை வாந்தியில் எரிந்தது. மூன்றாவது முறை அண்ணன் பெயர் வந்ததும், நூலகத்தில் முப்பது வருடம் நான் பேசாத பேச்சில், "கீறேன்" என்றேன். சத்தம் போதவில்லை என்று இன்னொரு முறை சொன்னேன். "கீறேன்!"

அங்கிருந்து யாரோ கத்தினார்கள். "டேய், லைப்ரரி தண்ணிக்கு வந்துட்ச்சுடா!"

சிரிப்பு கேட்டது. பட்டியல்காரர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், பங்கு தப்பியது. நான் மறுபடி படகில் ஏறவில்லை. மீதித் தூரத்தைத் தண்ணீரில் நடந்தே போனேன். கழியைப் பிடித்துக்கொண்டு நீர் வடியும்வரை நின்றேன். குளிர்ந்தது. அண்ணனை நினைக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, நினைத்துப் பார்த்தேன். பல் தேய்த்துக்கொண்டிருக்கிற அண்ணன்தான் வந்தார். வலையில் இறால் சுமாராக விழுந்திருந்தது.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தோம். திரையில் பொம்மை அப்படியே, கூண்டின் மூக்கில் தலையை முட்டுக் கொடுத்தபடி நின்றிருந்தான். அண்ணி எதிரில் உட்கார்ந்திருந்தார். ஈரத்தோடு நான் போய் உட்கார்ந்து, நாலு தள்ளு தள்ளவைத்து, அவனை உள்ளே அனுப்பினேன். கூண்டு காற்றை உரசிச் சிவந்தது. மூலைச் சதுரத்தில் அவன் பல்லைக் காட்டினான். பாராசூட் விரிந்தது. அந்த மெதுவான கணினியில் அது இறங்கி முடிக்க நெடுநேரம் பிடித்தது. நடுக்கடலில் விழுந்தான்.

"கரை எவ்ளோ தூரம்?" என்றான் மச்சான். "இழுத்தாரணுமே."

"வேணாம். இத அழுத்தினா போதும், எடுத்துக்குவாங்க."

அழுத்தினேன். கடல் மறைந்து கொட்டகை வந்தது. கூண்டும் இல்லை, அவனும் இல்லை.

"அவ்ளோதானா?" என்றார் அண்ணி.

"அவ்ளோதான் அண்ணி."

மச்சான் கொஞ்சம் ஏமாந்தவனைப்போல எழுந்து செருப்பைத் தேடினான். அண்ணி வெற்றுக் கொட்டகையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை நாளில் முதல் முறையாக, பாடு பற்றிக் கேட்டார்.

"அடுத்த பாடு என்னிக்கு வருது?"

"இருபது நாள்ல."

"அந்த டவுசர கழட்டிக் குடு" என்றார். "சேறு காஞ்சா போவாது."